சாக்பீஸ் தின்ற கீரை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. ஐந்தும் நான் விதைத்த கீரையைத் தின்று வளர்ந்தவை. அதனால்தானோ என்னவோ, ஐந்தில் ஒன்றுக்கும் இன்றுவரை கண்ணாடி கிடையாது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பஸ் நம்பர் படிப்பேன். என் பெயரை எழுதுவேன், அதுவும் பேனா நன்றாக இருந்தால். மற்றதெல்லாம் காதால் படித்ததுதான். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பேசியதையும் நான் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததையும் மட்டும் பேசினபடியே போட வேண்டும்.

இதை எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. மயிலாப்பூரில் டீச்சரம்மா வீட்டுப் பின்கட்டில் என் கீரைப் பாத்தி இருக்கிறது. அதைப் பிழைக்க வைத்தது யார் என்று டீச்சரம்மாவின் தம்பி ஊரெல்லாம் ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். "நான்தான் ஆயா பாவம்னு விட்டுக் கொடுத்தேன்" என்கிறார். பாவமும் இல்லை, விட்டுக் கொடுத்ததும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் கீரைக்காரி. மார்க்கெட்டில் கட்டு வாங்கி வந்து விற்கிறவர்களும் கீரைக்காரிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் நானே விதைத்து, நானே பிடுங்கி, நானே கட்டி, நானே விற்றவள். அடையாற்றங்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கறுப்பு மண். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, மழை விட்ட பிறகு முள்ளங்கி. அந்த ஆறு நாறும். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அழுகின முட்டையைக் கோணிப்பையில் கட்டி வெயிலில் வைத்த மாதிரி நாற்றம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டே காபி குடிப்பார்கள். ஆனால் கீரை மட்டும் கறுகறுவென்று வரும். நல்ல தண்ணீரில் நாலு முறை அலசித்தான் கூடையில் வைப்பேன். என் முள்ளங்கிக் கூடை தெருமுனை திரும்பினால் நாலாவது வீட்டில் கதவு திறக்கும். கூவ வேண்டிய அவசியமே இல்லை, வாசனையே கூவும்.

பிறகு ஆற்றோரத்து வீடுகளை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்தில், மாடிமாடியாகக் கட்டிய கட்டடத்தில் எங்களுக்கு வீடு. எனக்கு ஆறாவது மாடி. வீடு நல்ல வீடுதான், குழாயைத் திருப்பினால் தண்ணீர், தரை பளபளப்பு. ஆனால் ஆறாவது மாடியில் காலுக்குக் கீழே மண் கிடையாது, இன்னொருத்தர் வீட்டு மின்விசிறிதான் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் நான் ஜன்னலில் உட்கார்ந்து தண்ணீர் லாரியை எண்ணினேன். மருமகள் என்னைப் பார்த்துவிட்டு, "அத்த, நீ இப்டியே குந்திக்கினு இருந்தீனா பூஞ்சை புடிச்சிடும்" என்றாள். நல்ல பெண், உள்ளதைச் சொல்லுவாள்.

அப்போதுதான் டீச்சரம்மா கூப்பிட்டார்கள். முப்பது வருஷமாக என்னிடம் கீரை வாங்கியவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவர்கள். அவர்கள் வீடு மயிலாப்பூரில் கடல் பக்கம், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தக் கோயில் பள்ளிக்கூடத்தில்தான் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அந்தத் தெருதான்.

"கீரைக்காரம்மா, என் வீட்டுக்குப் பின்னாடி சும்மா கிடக்கிற இடத்துல போடுங்களேன். எனக்கு வாரத்துக்கு ரெண்டு கட்டு கொடுத்தா போதும்" என்றார்கள்.

ஒரு கார் அகலம், மூன்று கார் நீளம். அவ்வளவுதான் இடம். சாம்பல் நிறத்து மணல். பல வருஷத்து மாமரச் சருகு மேலே மக்கிக் கிடந்தது. நான் மறுநாளே முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். அன்றிலிருந்து தினம் வருகிறேன். காலையில் பாத்தி, பிறகு குளத்தங்கரைத் தெருக்களில் விற்பனை, மத்தியானம் டீச்சரம்மா கையால் ஒரு டீ, நாலு மணி பஸ்ஸில் வீடு. அந்தப் பாத்தி இல்லாவிட்டால் எனக்கு மயிலாப்பூர் இல்லை, ஆறாவது மாடி ஜன்னல்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருஷம் அமோகம். மூன்றாவது வருஷம் புரட்டாசியில் கீரை மஞ்சளித்தது.

செடி மஞ்சளித்தால் யூரியா. இது எனக்குக் கைப்பழக்கம். ஒரு பிடி போட்டேன். இன்னும் மஞ்சள். இரண்டு பிடி போட்டேன். இன்னும் மஞ்சள், அதோடு குச்சி குச்சியாக நீண்டது. டீச்சரம்மா பின்வாசல் படியில் நின்று பார்த்துவிட்டு, "கீரைக்காரம்மா, யூரியா அதிகமா போடுறீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

"டீச்சரம்மா, நீங்க பாடம் நடத்தும்போது நான் வந்து எதுனா சொன்னேனா?" என்றேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கீரையாவது பரவாயில்லை, கண்ணுக்குத்தான் மஞ்சள். ஆவணியிலேயே கொஞ்சம் முள்ளங்கி போட்டிருந்தேன். அது கிழங்கு விட்டது, வெள்ளையாகத்தான் இருந்தது, விற்றேன். மறுநாள் குளத்துக்கு மேற்கே ஒரு மாமி என்னைக் கைதட்டி நிறுத்தினார்கள். இருபது வருஷத்து வாடிக்கை.

"நேத்திக்கு உன் முள்ளங்கியைப் போட்டு சாம்பார் பண்ணேன். பக்கத்தாத்துக்காரி எட்டிப் பாத்து, இன்னிக்கு ஆத்துல பூசணிக்காயான்னு கேக்கறா. முள்ளங்கிக்கு ஒரு வாசனை வேண்டாமோ? என்னத்தைப் போட்டு வளர்த்தே நீ?"

ஐம்பது வருஷத்தில் என் முள்ளங்கியை யாரும் பூசணிக்காய் என்றதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இதற்கு நடுவில்தான் தம்பி வந்து சேர்ந்தார். டீச்சரம்மாவின் கூடப்பிறந்தவர். வடக்கே வேலை பார்த்து முடித்து, ஒரு காரோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அறுபத்தாறு வயது. என்னை 'ஆயா' என்று கூப்பிடுவார். ஏழு வயது வித்தியாசத்தில் என்ன ஆயா? நான் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக.

ஒருநாள் அவர் பின்கட்டில் நின்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, கார் ரோட்டுல நிக்குது. தினம் ஒரு காக்கா வந்து அது மேல காலைக்கடன் முடிக்குது. இங்க டைல்ஸ் போட்டா மாமர நிழல்ல நிறுத்தலாம்."

"அங்க கீரை இருக்குடா" என்றார்கள் டீச்சரம்மா.

"எங்க இருக்கு? மஞ்சளா என்னமோ இருக்கு. கீரைக்கு மஞ்சள் காமாலை போல."

நான் பாத்தியிலிருந்து நிமிர்ந்தேன். "தம்பி, உன் காருக்குக் காமாலை வராம பாத்துக்கோ. மாமரத்துல மட்டும் காக்கா இருக்காதா? அங்கதான் அதுக்கு வூடே கீது."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பிடித்தால் விடமாட்டார். "சரி ஆயா, ஒரு பேச்சுக்கு வருவோம். தை மாசம் நம்ம பங்குத் திருவிழா சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் உங்க கீரையும் முள்ளங்கியும்தானே போகுது? இந்த வருஷமும் இந்த மண்ணுல விளைஞ்சது போச்சுன்னா நான் வாயே திறக்கல. போகலேன்னா டைல்ஸ்."

திருவிழா அன்று கோயில் மைதானத்தில் பந்தி போடுவார்கள். சாதி, மதம் பார்க்காமல் எல்லாரும் உட்கார வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் சைவம். முள்ளங்கி சாம்பார், கீரைக் கூட்டு, பாயசம். நான் மாதா கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் ஆற்றங்கரை நாளிலிருந்து அந்தச் சாம்பாரும் கூட்டும் என் கூடைதான். விலைக்குக் கொடுப்பதில்லை. அது என் பங்கு.

"வாய தொறக்கலேன்னா பத்தாது. காக்கா பேண்டத நீயே கழுவணும்" என்றேன்.

"டன்" என்றார். மறு வாரமே சந்தன நிறத்தில் டைல்ஸ் வந்து மாமரத்தடியில் அடுக்கியாகிவிட்டது. என் தோல்வியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் பேத்திக்குப் பேனா ஓடவில்லை, சிரிக்கிறாள். எழுது, எழுது.

எனக்கு என்ன தோன்றியது என்றால், என் கை மாறவில்லை, விதை மாறவில்லை, மண்தான் மாறியிருக்கிறது. அப்படியானால் என் மண்ணையே கொண்டுவந்துவிட்டால்? ஐப்பசி ஆரம்பத்தில் ஒரு காலை அடையாறில் இறங்கி, பழைய இடத்துக்குப் போனேன். இப்போது அங்கே கருங்கல் சுவர். சுவர் முடிகிற இடத்தில் ஆற்றில் இறங்க ஓரமாக ஒரு வழி உண்டு, அது எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்வெட்டியால் இரண்டு சிமெண்ட் பை நிறைய கறுப்புச் சேற்றை அள்ளினேன். நாற்றம் அப்படியே இருந்தது, ஒரு குறைவும் இல்லை. எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டு ஸ்டாப் வரைக்கும் எல்லாரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஆயா, மூட்டையில இன்னா கீது?"

"மண்ணு."

"மண்ணு இப்டியா நாறும்? உள்ள யாரையாவது பொதச்சு எடுத்தாந்தியா?"

"ஆத்து மண்ணு, நைனா. கீரைக்கு."

முன் சீட்டில் ஒரு அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இனிமே நான் கீரையே வாங்க மாட்டேன்" என்றாள்.

"லக்கேஜ் டிக்கெட் எடு ஆயா" என்றார் கண்டக்டர்.

"பொம்பளைக்குத்தான் டிக்கெட் இல்லியே. பொம்பளை மூட்டைக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"மூட்டை பொம்பளை இல்ல ஆயா. குளிக்காத ஆம்பளை. வாசனையே சொல்லுது."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் சிரித்ததில் ஒரு பிரேக் போட்டார், ஒரு பை சாய்ந்தது, பின் சீட்டில் இருந்த நாலு பேர் அடுத்த ஸ்டாப்பில் அவசரமாக இறங்கிப் போனார்கள். அவர்கள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்பது என் சந்தேகம். கண்டக்டர் டிக்கெட் போடவில்லை. நான் இறங்கும்போது அவரே பையைத் தூக்கி வைத்தார். கையை மட்டும் நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பையையும் பாத்தியின் வடக்கு மூலையில் கொட்டிப் பரப்பினேன். டீச்சரம்மா எல்லா ஜன்னலையும் சாத்தினார்கள். தம்பி காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்த மூலையில் இருந்த கீரை மொத்தமும் வெந்து போனது. மஞ்சள் கூட இல்லை, பழுப்பு. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்துச் சேறு அது. உப்பும் காரமும் சேர்ந்து வேரைப் பொசுக்கிவிட்டது. ஆற்றோரத்தில் இருந்தபோது நாங்கள் புதுச் சேற்றில் விதைக்க மாட்டோம், ஒரு மழை குடிக்க விட்டுத்தான் விதைப்போம். எனக்குத் தெரிந்த விஷயம். அவசரத்தில் மறந்தேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, டைல்ஸ் அடுக்கின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை. ஆறாவது மாடி ஜன்னலில் மறுபடி உட்கார்ந்தேன். இனிமேல் இப்படித்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். பிறகு விதையை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தேன்.

மழை இரண்டு நாள் விட்டு, பிறகும் பிசுபிசுத்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பாத்தியைப் பார்த்தேன். எல்லாம் பழைய மஞ்சள்தான். சேறு கொட்டின மூலை செத்துக் கிடந்தது. ஆனால் அந்த மூலையைச் சுற்றி, மழை சேற்றைக் கரைத்து மெல்லியதாகப் பரப்பின இடத்தில், ஒரு முழ அகலத்துக்குப் பச்சை. சும்மா பச்சை இல்லை, கறும்பச்சை. மஞ்சள் புடவைக்குப் பச்சைக் கரை போட்ட மாதிரி வளைந்து ஓடியது.

"டீச்சரம்மா" என்று கூப்பிட்டேன். அவர்கள் கையில் மாவோடு ஓடிவந்தார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு குனிந்து ஒரு மஞ்சள் செடியைப் பிடுங்கினார்கள். "கீரைக்காரம்மா, இதை நான் ஒரு மாசமாவே பாக்கறேன், சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு சொல்லல. கீழ் இலை பச்சையா இருக்கு. மேல இருக்கிற குருத்து இலைதான் மஞ்சளா இருக்கு. யூரியாவுக்கு ஏங்கின செடியா இருந்தா கீழ் இலைதானே முதல்ல போகும்?"

உண்மைதான். ஐம்பது வருஷம் கீரை பார்த்தவள், குருத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் என்றதும் கை யூரியாவுக்குப் போய்விட்டது.

"சரி, அந்த ஆத்து மண்ணு என்ன நாத்தம் நாறிச்சு?" என்று கேட்டார்கள்.

"அழுவின முட்டை."

"அழுகின முட்டையில நாறுறது கந்தகம். உங்க மண்ணுல நாறினதும் அதுதான்."

"கந்தகமா? பட்டாசுக்குப் போடுவாங்களே?"

"அதேதான்."

"என் கீரை வெடிக்காம இருந்தா சரி."

டீச்சரம்மா அன்றைக்கே, தன்னிடம் படித்து இப்போது விவசாய ஆபீசில் இருக்கிற ஒருத்திக்குப் போன் போட்டார்கள். குருத்து மஞ்சள் என்றதுமே அந்தப் பெண் சொல்லிவிட்டாள், மண்ணில் கந்தகச் சத்து குறைந்திருக்கிறது என்று. யூரியாச் சத்து குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடுமாம். கந்தகத்தை அப்படி எடுத்துக் கொடுக்க முடியாதாம். அதனால் குருத்துதான் முதலில் வாடும். இதைக் கேட்டதும் எனக்கு என் ஐந்து பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள். என் தட்டிலிருந்து சோற்றை எடுத்து அவர்களுக்கு வைத்தேன். எழுத்தை அப்படி எடுத்து வைக்க என்னிடம் இல்லை. அதற்கு அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. செடிக்கும் அப்படித்தான் போல, சிலதை மண்தான் கொடுக்க வேண்டும்.

"இது கடற்கரை மணல் கீரைக்காரம்மா. மழை பெய்ய பெய்ய சத்து கீழ இறங்கிப் போயிடும். முதல் ரெண்டு வருஷம் மாமரச் சருகு மக்கினதுல கொஞ்சம் இருந்தது. அது தீர்ந்தது. நீங்க யூரியாவா போட்டீங்க. பந்தியில சோறு மேல சோறு வெச்சா எப்படி? ஒரு கரண்டி குழம்பு ஊத்த வேண்டாமா?"

இது எனக்குப் புரிகிற பாஷை. முள்ளங்கிக்கு வாசனை போனதும் இதனால்தானாம். முள்ளங்கி, வெங்காயம், கடுகு இதற்கெல்லாம் அந்தக் காரமும் நெடியும் கந்தகத்தால் வருவது. ஆக, இத்தனை வருஷம் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டின ஆறுதான் என் முள்ளங்கிக்கு வாசனை போட்டிருக்கிறது. அன்றைக்கு ஆற்றுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"அப்ப இன்னும் ரெண்டு மூட்டை எடுத்தாறேன்" என்று எழுந்தேன்.

"வேண்டவே வேண்டாம்" என்று வீட்டுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது.

கந்தகம் இருக்கிற ஜிப்சம் என்ற வெள்ளைப் பொடியைப் போட வேண்டும் என்று அந்த ஆபீஸ் பெண் சொல்லியிருந்தாள். கந்தகப் பொடியாகப் போட்டால் மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதை மாற்றிக் கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். ஜிப்சம் என்றால் தண்ணீர் பட்டதும் செடி குடிக்கும். ஆனால் பக்கத்து நர்சரிகளில் கேட்டதற்கு, மூட்டையாக வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், மழையில் லாரி எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது. முள்ளங்கி விதைத்தால் ஒன்றரை மாதம் வேண்டும்.

டீச்சரம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, நல்லாத்தானே கீறீங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன் கீரைக்காரம்மா. சாக்பீஸ். சாக்பீஸ் ஜிப்சம்தான்."

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை எடுத்துவிட்டு வெள்ளைப் பலகை மாட்டிவிட்டார்கள். சாக்பீஸ் டப்பாக்கள் ஸ்டோர் ரூமில் கிடந்தன. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் போய்க் கேட்டோம். "கீரைக்கு சாக்பீஸா? கீரை என்ன டெஸ்ட் எழுதப் போகுதா?" என்று கேட்டுவிட்டு, ஏழு டப்பா கொடுத்தார்கள்.

அதிலும் டீச்சரம்மா ஒரு சோதனை வைத்தார்கள். சில சாக்பீஸ் சுண்ணாம்பில் செய்திருப்பார்களாம், அது நமக்கு ஆகாது. ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒன்றைப் பொடித்து, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் ஜிப்சம். ஒரு டப்பா மட்டும் சோடா மாதிரி நுரைத்தது, தள்ளி வைத்தோம். ஆறு டப்பா சும்மா நனைந்தது. ஆறு டப்பாவையும் அரிசிக் கோணியில் கொட்டிக் கட்டி, துணி துவைக்கிற கட்டையால் நான் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் அடித்தோம். அடித்த அடியில் இரண்டு பேர் முகம், தலை, புருவம் எல்லாம் வெள்ளை.

தம்பி வந்து பார்த்தார். "ரெண்டு பேரும் பவுடர் பூசிக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டீங்க?"

"உன் டைல்ஸுக்குத்தான் தம்பி, கருமாதிக்கு" என்றேன்.

பாத்தி முழுக்கக் கொத்தி, மஞ்சள் செடிகளைப் புரட்டிவிட்டு, மாவு தூவுகிற மாதிரி தூவி, கிளறி, தண்ணீர் தெளித்தேன். மறுநாள் பாதியில் முள்ளங்கி. பிறகு வாரம் ஒரு வரிசையாகக் கீரை. ஒரு சாக்பீஸை மட்டும் நான் எடுத்துவைத்துக்கொண்டேன். என் நாள் கணக்கு கோடுதான். விதைத்த நாளிலிருந்து சுவரில் தினம் ஒரு கோடு. ஆற்றங்கரையில் கரியால் போடுவேன், இங்கே பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்.

நாலாவது கோட்டில் முளை வந்தது. முளை எப்போதும் பச்சைதான், அதை நம்பக்கூடாது. அது விதைக்குள்ளிருந்து கொண்டுவந்த சோறு. மூன்றாவது நாலாவது இலைதான் மண் கொடுக்கிற சோறு. எட்டாவது கோடு, ஒன்பதாவது கோடு. அந்த நாட்களில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி டீச்சரம்மாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் பின்கட்டுக்குப் போனேன். அவர்களும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். இன்னொன்றும் கவனித்தேன், தம்பியும் பல் தேய்த்துக்கொண்டே அங்கேதான் நின்றார்.

பதிமூன்றாவது கோட்டில் குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். பச்சை. கிள்ளி முகர்ந்தேன். முள்ளங்கி இலையில் அந்த நெடி மூக்கின் நுனியில் குத்தியது. டீச்சரம்மாவிடம் நீட்டினேன். அவர்கள் முகர்ந்துவிட்டுத் தும்மினார்கள். அந்தத் தும்மலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

திருவிழா அன்று விடியற்காலையில் பிடுங்கினேன். முள்ளங்கி ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கீரையைக் கட்ட ஆறாவது மாடியிலிருந்து என் மருமகளும் வந்தாள். "அத்த, இனிமே உன்னப் பூஞ்சை புடிக்கவே புடிக்காது" என்றாள். கோயில் மைதானத்தில் அண்டாவில் சாம்பார் கொதிக்கிறபோது அந்த வாசனை தெருவைத் தாண்டிப் போனது. பந்தியில் தம்பி என் எதிரில்தான் உட்கார்ந்தார். முதல் முறை சாம்பார் ஊற்றிக்கொண்டார், பேசவில்லை. இரண்டாவது முறையும் பேசவில்லை. மூன்றாவது முறை வாளி வந்தபோது இலையை நகர்த்திக் காட்டினார்.

"இன்னா தம்பி, பூசணிக்காய் எப்டி கீது?" என்றேன்.

"நான்தான் வாயே திறக்கிறதில்லன்னு சொன்னேனே ஆயா" என்றார், வாய் நிறைய.

மறுநாள் காலையில் நான் வந்தபோது டைல்ஸ் அடுக்கு மாமரத்தடியில் இல்லை. பாத்திக்கு நடுவில், என் கால் புதையாமல் நடக்க, ஒற்றை வரிசையாகப் பதித்திருந்தது. மிச்சத்தை அடுக்கி, நான் கீரை கட்ட உட்கார ஒரு மேடை. கையெல்லாம் மணல் அப்பியிருக்க அவர் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார், ஆடுகிறதா என்று. இதைத்தான் அவர் விட்டுக் கொடுத்தேன் என்று சொல்கிறார். டைல்ஸ் பதித்தது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாத்தி நின்றது சாக்பீஸால்.

அந்த வாரமே மாமியும் கூப்பிட்டார்கள். "நேத்திக்கு உன் முள்ளங்கி வாங்கிண்டு போனேனோல்லியோ, சமையல்கட்டுலேந்து வாசல்வரைக்கும் வாசனை. பக்கத்தாத்துக்காரி கிண்ணத்தை எடுத்துண்டு வந்துட்டா." நான் கூடையை இறக்கி, இன்னும் இரண்டு முள்ளங்கி கொடுத்தேன். ஒன்று மாமிக்கு, ஒன்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு. அவள்தானே முதலில் சொன்னவள்.

இப்போது மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை ஜிப்சம் தூவுகிறேன். மூட்டை வந்துவிட்டது. சருகையும் கூட்டித் தள்ளுவதில்லை, அங்கேயே மக்க விடுகிறேன். கார் இன்னும் ரோட்டில்தான் நிற்கிறது. காக்கா இன்னும் வருகிறது. காலையில் நான் வரும்போது தம்பி வாளியும் துணியுமாக நிற்பார். பேச்சு பேச்சுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டில் டீக்கு உட்காரும்போது இதை அவர் முன்னால் படிக்கப் போகிறோம். ஒரு வார்த்தை பிசகக் கூடாது. பேனாவை மூடும்மா. எங்கே, முதலிலிருந்து வாசி, மெதுவாக வாசி. அந்தக் கண்டக்டர் சொன்னதை எழுதாமல் விட்டிருந்தாயானால் எனக்குத் தெரிந்துவிடும்.